மூச்சு சிகிச்சையாளர் தாதியாக மாறுவது ஏற்றமா, இறக்கமா?

நலவாழ்வுப் பாடம்



பேராக் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாயார் நம் பகுதிக்குக் கேள்வி அனுப்பியிருக்கிறார். அவர் சொற்களிலேயே தருகிறோம்:

"எங்க அண்ணன் மகன் அமெரிக்காவிலே பெரிய ஆஸ்பத்திரியில, மூச்சு மெஷின் பாக்குற வேலையில எட்டு வருஷமா இருக்கான். இப்ப அதை விட்டுட்டு நர்ஸ் வேலைக்குப் படிக்கப் போறானாம். நல்லா ஏறி நின்னவன் எதுக்குக் கீழே எறங்கணும்? என் மக இந்த வருஷம் எஸ்.பி.எம். முடிச்சிட்டா. அத்தான் படிச்ச அதே மூச்சு வைத்தியப் படிப்பத்தான் நானும் படிப்பேன்னு நிக்கிறா. கடன் வாங்கிச் சேத்து விடலாமா?"

இது அந்த ஒரு தாயின் கேள்வி மட்டுமல்ல. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று வைத்தியத் துறையை நாடுகிறார்கள். விளம்பரத்தில் ஒரு பெயரைப் பார்த்ததும் அதன் பின்னால் ஓடுகிறார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் என்ன வேலை இருக்கிறது, நம் நாட்டில் அதற்கு இடம் உண்டா என்று விசாரிப்பவர் குறைவு. ஆகவே இந்த மாதப் பாடத்தில் இரண்டு தொழில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

மூச்சு சிகிச்சையாளர் என்பவர் யார்?

மனிதன் சோறு இல்லாமல் பல நாள் இருப்பான். தண்ணீர் இல்லாமல் சில நாள் இருப்பான். மூச்சு இல்லாமல் சில நிமிடம்கூட இருக்க முடியாது. அந்த மூச்சை மட்டுமே கவனிப்பதற்கென்று அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் தனித் தொழிலாளர் இருக்கிறார்கள். அவர்தான் மூச்சு சிகிச்சையாளர்.

ஆஸ்துமா இழுப்பு வந்தவருக்கு மருந்தை ஆவியாக்கிக் கொடுப்பது அவர் வேலை. பிராணவாயு எவ்வளவு கொடுக்கலாம் என்று அளப்பதும் அவர்தான். மணிக்கட்டில் ஓடும் நாடியிலிருந்து இரத்தம் எடுத்து, அதில் பிராணவாயுவும் கரியமிலவாயுவும் எவ்வளவு என்று சோதிப்பார். தொண்டையில் குழாய் போட வைத்தியருக்குத் துணை நிற்பார். குழாயில் சேரும் சளியை உறிஞ்சி எடுப்பார். தானே மூச்சுவிட முடியாதவரை மூச்சு இயந்திரத்தில் இணைத்து, இரவு பகலாக அந்த இயந்திரத்தைத் திருத்திக்கொண்டே இருப்பார். குறைமாதத்தில் பிறந்த சிசுவுக்கும் அவர் வேண்டும், எண்பது வயதுக் கிழவருக்கும் அவர் வேண்டும்.

சிங்கப்பூரின் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் இத்தகைய சிகிச்சையாளர்கள் உண்டு. மலேசியாவில் இதற்கென்று தனிப் பதவி பரவலாக இல்லை. இங்கே அதே வேலையைத் தாதிகளும், மருத்துவ உதவியாளர்களும், உடற்பயிற்சி சிகிச்சையாளர்களும் பங்கு போட்டுச் செய்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தை நன்றாக மனத்தில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

இந்தத் தொழில் பிறந்த கதை

1928-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிலிப் டிரிங்கர் என்பவர் "இரும்பு நுரையீரல்" என்ற இயந்திரத்தைப் பயனுக்குக் கொண்டுவந்தார். இளம்பிள்ளை வாதத்தில் நெஞ்சுத் தசை செயலிழந்தவரைக் கழுத்து வரை ஓர் இரும்புப் பெட்டிக்குள் படுக்க வைப்பார்கள். பெட்டிக்குள் காற்றழுத்தம் ஏறி இறங்க, நெஞ்சும் ஏறி இறங்கும்.

1952-இல் டென்மார்க் நாட்டின் கோப்பன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் கொள்ளை நோயாகப் பரவியது. இயந்திரங்கள் போதவில்லை. முதல் மூன்று வாரத்தில் மூச்சு நின்றுபோன 31 பேரில் 27 பேர் மாண்டார்கள். அப்போது பியோன் இப்சன் என்ற மயக்க மருந்து வைத்தியர் ஒரு வழி சொன்னார். நோயாளியின் கழுத்தில் துளையிட்டுக் குழாய் செருகி, ஒரு ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றை உள்ளே தள்ள வேண்டும் என்றார். ஒரு முறை அமுக்கினால் ஒரு மூச்சு. அமுக்குகிற கை நின்றால் மூச்சும் நின்றுவிடும்.

யார் இரவும் பகலும் அமுக்குவது? வைத்தியக் கல்லூரி மாணவர்கள் ஏறத்தாழ 1,500 பேர் முறை வைத்து வந்து உட்கார்ந்தார்கள். நாள் கணக்கில், வாரக் கணக்கில் அமுக்கினார்கள். பத்தில் ஒன்பது பேர் இறந்த நிலைமை மாறி, இறப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. இன்று எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவு அந்தக் கைகளிலிருந்து பிறந்ததுதான்.

அமெரிக்காவில் இந்தத் தொழிலின் ஆரம்பம் சாதாரணமானது. வார்டு வார்டாகப் பிராணவாயு உருளையைத் தள்ளிக்கொண்டு போனவர்களே முதல் ஆட்கள். அவர்கள் 1940-களில் சிகாகோ நகரில் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தார்கள். படிப்பு வைத்தார்கள், சோதனை வைத்தார்கள். 1982-இல் கலிபோர்னியா மாநிலம் இந்தத் தொழிலுக்கு உரிமச் சட்டம் கொண்டுவந்தது. பிறகு மற்ற மாநிலங்களும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. உருளை தள்ளியவர்கள் உரிமம் பெற்ற தொழிலாளர் ஆனது ஒன்றுகூடியதால்தான். இதை நம் தோழர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

தாதியின் வேலை எங்கே வேறுபடுகிறது?

மூச்சு சிகிச்சையாளர் ஆஸ்பத்திரி முழுதும் சுற்றுகிறவர். ஒரு வேலை நேரத்தில் பல வார்டுகளில் பல நோயாளிகளைப் பார்ப்பார். ஒவ்வொருவரிடமும் அவர் பார்ப்பது ஒரே ஒரு விஷயம், மூச்சு. அதில் அவர் அறிவு ஆழமானது.

நம் தோட்டத்துப் பெரியவர்கள் "மிஸ்ஸி" என்று அழைக்கும் தாதி, சில நோயாளிகளோடு முழு நேரமும் நிற்பவர். அவர் பார்ப்பது முழு மனிதனை. காலையில் என்ன சாப்பிட்டார், சிறுநீர் எவ்வளவு போனது, புண் ஆறுகிறதா, எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, ஊசி ஏறிய கை வீங்கியிருக்கிறதா, இரவு தூங்கினாரா, வீட்டுக்காரி ஏன் அழுகிறாள் என்று எல்லாமே தாதியின் கணக்கு. வைத்தியர் வந்து போவார். மூச்சு சிகிச்சையாளர் வந்து போவார். தாதி மட்டும் அங்கேயே இருப்பார். நோயாளியின் உடலில் ஒரு மாற்றம் வந்தால் முதலில் காண்பதும், "டாக்டர், இவரைப் பாருங்கள்" என்று குரல் கொடுப்பதும் அவர்தான்.

நம்மிடையே பழைய ரப்பர் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். மரம் வெட்டுவதில் கை தேர்ந்தவர்கள். பட்டையில் கத்தி எவ்வளவு இறங்கலாம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். தோட்டம் செம்பனைக்கு மாறியபோது அவர்களும் மாற வேண்டி வந்தது. காடு பழகியதுதான், விடியல் பனி பழகியதுதான், பாம்புக்கு அஞ்சாத மனமும் பழகியதுதான். ஆனால் நீண்ட கழியில் கட்டிய அரிவாளைத் தலைக்கு மேலே தூக்கிக் குலை வெட்டுவது புதுப் பாடம். மூச்சு சிகிச்சையாளர் தாதியாவதும் ஏறக்குறைய அப்படித்தான். பாதி பழகியது, பாதி புதியது.

ஏன் மாறுகிறார்கள்?

முதல் காரணம், இடம். அமெரிக்காவில் பதிவு பெற்ற தாதிகள் 30 லட்சத்துக்கும் மேல். மூச்சு சிகிச்சையாளர் ஏறத்தாழ 1 லட்சத்து 30 ஆயிரம் பேர்தான். மூச்சு சிகிச்சையாளருக்குப் பெரும்பாலும் ஆஸ்பத்திரிதான் வேலைக்களம். தாதிக்கோ ஆஸ்பத்திரி, கிளினிக், பள்ளிக்கூடம், தொழிற்சாலை, பிரசவ விடுதி, முதியோர் இல்லம், வீட்டுச் சேவை என்று பல கதவுகள் திறந்திருக்கின்றன. இடுப்பு வலியோ முழங்கால் வலியோ வந்து வார்டில் ஓட முடியாமல் போனாலும் தாதி வேறு இடத்துக்கு மாறிக்கொள்ளலாம்.

இரண்டாவது காரணம், மேலே ஏறும் படி. தாதியாகச் சேர்ந்தவர் படித்துப் படித்து மயக்க மருந்துத் தாதி, மருத்துவச்சி, மருந்து எழுதிக் கொடுக்கும் உயர்நிலைத் தாதி, ஆசிரியை, நிர்வாகி என்று ஏறலாம். மூச்சு சிகிச்சையில் படிகள் குறைவு.

மூன்றாவது, சம்பளம். அமெரிக்க அரசாங்கத் தொழிலாளர் கணக்குப்படி 2023 மே மாதத்தில் மூச்சு சிகிச்சையாளரின் நடுச் சம்பளம் ஆண்டுக்கு 77,960 டாலர். பதிவு பெற்ற தாதியின் நடுச் சம்பளம் 86,070 டாலர். நடுச் சம்பளம் என்றால் பாதிப் பேர் அதற்கு மேலும், பாதிப் பேர் அதற்குக் கீழும் வாங்குகிறார்கள் என்று பொருள். வித்தியாசம் உண்டு, ஆனால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இல்லை. படிக்கிற காலத்தில் இழக்கும் சம்பளத்தையும் கல்லூரிக் கட்டணத்தையும் கழித்துப் பார்த்தால், பணத்துக்காக மட்டும் மாறுவதில் அவ்வளவு லாபம் இல்லை.

நான்காவது காரணம், மனம். "நான் போய் மெஷினைத் திருத்திட்டு அடுத்த வார்டுக்கு ஓடுறேன். அந்த ஆளு பொழச்சாரா, வீட்டுக்குப் போனாரான்னு எனக்குத் தெரியறதில்ல" என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களிடம் கேட்கக்கூடிய குறை. ஒரே நோயாளியோடு இருந்து அவரைத் தேற்றி அனுப்ப வேண்டும் என்ற ஆசை சிலரை இழுக்கிறது.

ஆக, அந்தத் தாயாருக்கு முதல் பதில்: உங்கள் அண்ணன் மகன் கீழே இறங்கவில்லை. ஆழமான கிணற்றிலிருந்து அகலமான குளத்துக்குப் போகிறார். இரண்டிலும் தண்ணீர் ஒன்றுதான். ஆண்பிள்ளை தாதி வேலை பார்ப்பதா என்ற கேள்வியும் வேண்டாம். நோயாளியைத் தூக்கிப் புரட்டுகிற கைக்கு ஆண் பெண் கிடையாது.

கையோடு கொண்டுபோகும் சரக்கு

மூச்சு சிகிச்சையாளராக இருந்தவர் தாதியாகும்போது வெறுங்கையோடு போவதில்லை. அவர் அறிவு எப்படிப் பயன்படும் என்பதற்கு இரண்டு உதாரணம் பார்ப்போம்.

முதலாவது, பல வருடம் சுருட்டும் சிகரெட்டும் பிடித்து நுரையீரல் கெட்டுப்போன பெரியவர். மூச்சு வாங்குகிறது. பார்க்கிறவர் மனம் பதறிப் பிராணவாயுவை முழுதாகத் திறந்துவிடச் சொல்லும். ஆனால் இப்படிப்பட்ட சிலருக்குப் பிராணவாயு அளவுக்கு மேல் போனால் உடலில் கரியமிலவாயு தேங்கும். ஆள் அமைதியாகத் தூங்குவது போலிருக்கும். உண்மையில் அது மயக்கம். அதனால் இவர்களுக்கு விரலில் மாட்டும் கருவி 88 முதல் 92 வரை காட்டினால் போதும் என்று அளந்து கொடுப்பார்கள். மூச்சு வேலை பார்த்தவர் இதை உடனே உணர்வார்.

இரண்டாவது, தோட்டத்து மக்கள் மறக்க முடியாத பாராகுவாட் என்ற களைக்கொல்லி. நம் நாட்டில் இது 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. அதற்கு முன்னால் இந்த விஷத்தால் எத்தனை வீடுகளில் விளக்கு அணைந்தது என்று நம் லயங்களுக்குத் தெரியும். இந்த விஷம் நுரையீரலில் போய்த் தங்கி அதை நார் போலாக்கிவிடும். பிராணவாயு கொடுத்தால் அந்தக் கேடு இன்னும் வேகமாகும். ஆகவே இரத்தத்தில் பிராணவாயு மிகவும் குறைந்தாலொழிய வைத்தியர்கள் அதைக் கொடுக்கத் தயங்குவார்கள். எந்த விஷத்தையாவது யாராவது குடித்துவிட்டாலோ, தெளிக்கும்போது உள்ளே போய்விட்டாலோ, அந்த டப்பாவின் பெயர்ச் சீட்டைக் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள் என்று சொல்வது இதனால்தான். பெயர் தெரிந்தால்தான் எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று தெரியும்.

புதிதாகக் கற்க வேண்டியவை

சரக்கு இருப்பது நல்லது. ஆனால் அந்தச் சரக்கே சில சமயம் கண்ணை மறைக்கும். மூச்சு வேலை பார்த்தவருக்கு எல்லா நோயும் நுரையீரல் நோயாகத் தெரியலாம்.

ஓர் உதாரணம். ஒரு பெண் வேக வேகமாக, ஆழமாக மூச்சு விடுகிறாள். நெஞ்சில் காது வைத்தால் இழுப்பு இல்லை, சளி இல்லை. பிராணவாயு அளவும் சரியாக இருக்கிறது. பிறகு ஏன் இந்த மூச்சு? அவளுக்கு இனிப்பு நீர். இரண்டு நாளாக இன்சுலின் ஊசி போடவில்லை. இரத்தத்தில் அமிலம் ஏறிவிட்டது. அந்த அமிலத்தை வெளியேற்ற உடல் மூச்சை வேகப்படுத்துகிறது. இங்கே தேவை மூச்சு இயந்திரம் அல்ல, இன்சுலினும் நரம்பில் ஏற்றும் உப்பு நீரும். மூச்சு வாங்குவதற்கு இதயம் காரணமாகலாம், இரத்தச் சோகை காரணமாகலாம், சிறுநீரகம் காரணமாகலாம். முழு மனிதனைப் பார் என்பதுதான் தாதிப் படிப்பின் முதல் பாடம்.

இதோடு மருந்துகள். மூச்சு சிகிச்சையாளர் கையாளும் மருந்து சில வகைகள்தான். தாதியோ இதய மருந்து, வலி மருந்து, இரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து, கிருமிக்கொல்லி என்று நூற்றுக்கணக்கில் அறிய வேண்டும். பிரசவம், குழந்தை வளர்ப்பு, மனநோய், புண்ணுக்குக் கட்டுப்போடுதல் எல்லாம் புதுப் பாடங்கள். ஒரே நேரத்தில் ஐந்து பேர் கூப்பிட்டால் முதலில் யாரிடம் போவது என்று முடிவு செய்யும் பழக்கமும் வர வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேல் மனத்தை அடக்கும் பாடம் ஒன்று உண்டு. நேற்றுவரை வைத்தியரே ஆலோசனை கேட்ட ஆள், இன்று மாணவர் உடுப்பில் மூலையில் நிற்க வேண்டும். தனக்கு நன்றாகத் தெரிந்த இயந்திரத்தை மாணவர் என்ற முறையில் தொடக்கூடாது. "எனக்கு எல்லாம் தெரியும்" என்றவர் அங்கே தடுக்கி விழுவார். "தெரிஞ்சது கையில இருக்கட்டும், தெரியாததக் கத்துக்குவோம்" என்றவர் நிலைப்பார்.

அமெரிக்காவில் மாறும் வழி

பல வருட அனுபவம் இருக்கிறதே, உடனே தாதி உரிமம் தர மாட்டார்களா? தர மாட்டார்கள். இரண்டும் தனித்தனிச் சட்டம், தனித்தனி உரிமம். தாதிப் பள்ளியில் படித்தே ஆக வேண்டும்.

வழிகள் மூன்று. ஒன்று, சமூகக் கல்லூரியில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுப் படிப்பு. இரண்டு, பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுப் பட்டம். மூன்று, ஏற்கெனவே வேறு பட்டம் வைத்திருப்பவருக்கு ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரையிலான துரிதப் படிப்பு. மூச்சு சிகிச்சைக்காகப் படித்த உடற்கூறு, கிருமியியல், வேதியியல் பாடங்களைப் பல கல்லூரிகள் ஏற்றுக்கொள்ளும். அந்தப் பாடங்கள் பல ஆண்டு பழையதாக இருந்தால் சில கல்லூரிகள் திரும்பப் படிக்கச் சொல்லும். ஆகவே மாற நினைப்பவர் தள்ளிப் போடாமல் முதலில் கல்லூரியில் போய் "என் பழைய பாடங்களில் எதை ஏற்பீர்கள்?" என்று எழுத்து மூலம் கேட்டுவிட வேண்டும்.

படிப்பு முடிந்தபின் என்கிளெக்ஸ் என்ற உரிமச் சோதனை. கணினியில் எழுத வேண்டும். 2023 ஏப்ரல் முதல் இது புதிய வடிவில் நடக்கிறது. குறைந்தது 85 கேள்வி, அதிகம் 150 கேள்வி, ஐந்து மணி நேரம். மனப்பாடம் மட்டும் போதாது. ஒரு நோயாளியின் நிலைமையைக் கொடுத்து, முதலில் என்ன செய்வாய் என்று கேட்பார்கள்.

படிக்கும் காலத்தில் பலர் பழைய வேலையை வார இறுதியில் பகுதி நேரமாகப் பார்த்துக் குடும்பத்தை நடத்துகிறார்கள். மூச்சு உரிமத்தையும் கைவிடாமல் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். புதுக் கிளையைப் பிடிக்கும் வரை பழைய கிளையை விடக்கூடாது.

இன்னொரு செய்தியும் நாம் அறியத் தக்கது. கலிபோர்னியாவில் ஒரு தாதிக்கு இத்தனை நோயாளிதான் என்று சட்டமே உண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு பேர், பொது வார்டில் ஐந்து பேர். 1999-இல் நிறைவேறி 2004 முதல் நடைமுறைக்கு வந்தது. தாதிகளின் தொழிற்சங்கம் பல ஆண்டு போராடிப் பெற்றது அது. வேலைப் பளு குறைந்தால் நோயாளிக்கும் நல்லது என்பதை அவர்கள் சட்டசபையில் நிலைநாட்டினார்கள்.

நம் பிள்ளைகளுக்கு எது வழி?

இப்போது அந்தத் தாயாரின் இரண்டாவது கேள்விக்கு வருவோம். மகள் அத்தானைப் போல மூச்சு சிகிச்சைதான் படிப்பேன் என்கிறாள். அவள் இந்த நாட்டில்தான் வேலை பார்க்கப் போகிறாள் என்றால் நம் யோசனை இதுதான்: முதலில் தாதிப் படிப்பு. மூச்சு அறிவு அதற்கு மேல்.

காரணம் முன்பே சொன்னோம். மலேசியாவில் மூச்சு சிகிச்சையாளர் என்ற தனிப் பதவி பரவலாக இல்லை. கடன் வாங்கி அயல்நாட்டில் அதைப் படித்துவிட்டு வந்து, "இங்க எனக்கு வேலை எங்கே?" என்று நிற்கக் கூடாது. அந்தச் சான்றிதழைக் காட்டித் தாதியாகவும் பதிய முடியாது.

தாதியாவதற்கு மூன்று ஆண்டு டிப்ளோமா. அதன்பின் தாதியர் வாரியத்தின் சோதனையில் தேறிப் பெயரைப் பதிய வேண்டும். எஸ்.பி.எம். சோதனையில் மலாய் மொழி, கணிதம், அறிவியல் ஆகிய பாடங்களில் கிரெடிட் மிகவும் முக்கியம். ஆங்கிலத்திலும் தேற வேண்டும். தகுதி விதிகள் அவ்வப்போது மாறும். விண்ணப்பிக்கும் ஆண்டின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேலையில் சேர்ந்தபின், மூச்சு வேலையில் ஆசை உள்ளவர் தீவிர சிகிச்சைத் தாதிக்கான மேற்பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். மூச்சு இயந்திரமும் இரத்த வாயுச் சோதனையும் அங்கே தினசரி வேலை. ஆக, அத்தான் சுற்றிவந்து சேர்கிற இடத்துக்கு மகள் நேர் வழியிலேயே போகலாம்.

மருத்துவ உதவியாளர் படிப்பு இன்னொரு நல்ல வழி. அதுவும் மூன்று ஆண்டு டிப்ளோமா. 1977-ஆம் ஆண்டுச் சட்டப்படி இவர்கள் பதிவு பெற்ற தொழிலாளர். அவசரப் பிரிவிலும் ஆம்புலன்ஸிலும் கிளினிக்கிலும் முன்னணியில் நிற்பவர்கள் இவர்களே. நம் தோட்டத்து டிரஸ்ஸரும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவர்தான். தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர்களைப் பதிவு செய்ய 1965-இலேயே சட்டம் வந்தது.

சிங்கப்பூரில் நன்யாங் பாலிடெக்னிக், ஙீ ஆன் பாலிடெக்னிக் ஆகியவற்றில் தாதி டிப்ளோமா நடக்கிறது. அங்கே பதிவு செய்வது சிங்கப்பூர்த் தாதியர் வாரியம்.

பணம் கட்டுமுன் கேளுங்கள்

கல்லூரி ஏஜெண்டு லயத்து வாசலுக்கே வருவார். இனிக்க இனிக்கப் பேசுவார். கையெழுத்துப் போடுமுன் இந்த ஐந்து கேள்விகளையும் கேளுங்கள்:

1. இந்தப் படிப்பு மலேசியத் தகுதி நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கிறதா? நீங்களே பெயரைத் தேடிப் பாருங்கள்.

2. தாதிப் படிப்பாக இருந்தால், தாதியர் வாரியம் இந்தக் கல்லூரியை அங்கீகரித்திருக்கிறதா?

3. மூன்று ஆண்டுக்கும் மொத்தச் செலவு எவ்வளவு? உடுப்பு, விடுதி, சோதனைக் கட்டணம் சேர்ந்ததா, சேராததா?

4. செயல்முறைப் பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில்? நோயாளியைத் தொடாமல் யாரும் தாதியாக முடியாது.

5. பி.தி.பி.தி.என். கடன் என்றால் திருப்பிக் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு, எப்போது தொடங்கும்?

வாயால் சொல்வதை நம்ப வேண்டாம். எழுதி வாங்குங்கள். பதில் சொல்லத் தயங்கினால் கதவைச் சாத்துங்கள். அரசாங்கப் பயிற்சிக் கல்லூரிக்கு முதலில் விண்ணப்பம் போடுங்கள். தனியார் கல்லூரி அதற்குப் பிறகுதான்.

வீட்டுப் பாடம்: மூச்சை எண்ணுங்கள்

மூச்சு சிகிச்சையாளரும் தாதியும் ஒரு நோயாளியிடம் வந்ததும் செய்யும் முதல் வேலை ஒன்றே: மூச்சை எண்ணுவது. அதற்கு இயந்திரம் வேண்டாம், படிப்பும் வேண்டாம். ஒரு கடிகாரம் போதும்.

பிள்ளை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கி நெஞ்சையும் வயிற்றையும் பாருங்கள். ஒரு முறை ஏறி இறங்கினால் ஒன்று. ஒரு நிமிடம் முழுதும் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டாம்.

இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 60 அல்லது அதற்கு மேல் போனால் வேக மூச்சு. இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது மேல். ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40 அல்லது மேல். இருமலோடு இப்படி வேக மூச்சு இருந்தால் நுரையீரல் காய்ச்சலாக இருக்கலாம். அன்றே கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். பெரியவர்களுக்கு ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 சரியான அளவு.

மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவது, உதடு நீலமாவது, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் திணறுவது, பிள்ளை பால் குடிக்க மறுப்பது, சோர்ந்து மயங்குவது ஆகிய அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் தைலம் தேய்த்துக்கொண்டு விடியும் வரை காத்திருக்காதீர்கள். மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995.

ஆஸ்துமா பம்பு வைத்திருப்பவர்கள்: பம்பைக் குலுக்குங்கள். மூச்சை வெளியே விடுங்கள். உதட்டால் இறுகக் கவ்விக்கொண்டு, மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கும்போதே அமுக்குங்கள். பத்து எண்ணும் வரை மூச்சை அடக்குங்கள். அடுத்த முறை அமுக்க அரை நிமிடமாவது பொறுங்கள். தினசரி போடும் தடுப்பு மருந்துப் பம்பு என்றால் பிறகு வாய் கொப்பளியுங்கள். பிள்ளைகளுக்குப் பம்போடு மாட்டும் குழாய்க் கூடு கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.

எண்ணிய எண்ணிக்கையை ஒரு தாளில் நேரத்தோடு எழுதி, போகும்போது மிஸ்ஸியிடம் கொடுங்கள். "புள்ளைக்கு மூச்சு வாங்குது" என்பதைவிட "ஆறு மணிக்கு 48, ஏழு மணிக்கு 56" என்ற இரண்டு எண்கள் அவருக்கு அதிகம் சொல்லும்.